ஊர் மூன்று, பாடசாலை ஒன்று

தனியொருவரால் வாங்க முடியாத நீரிறைக்கும் இயந்திரத்தை அயலிலுள்ள மூன்று தோட்டக்காரர் கூட்டாக வாங்குவதுண்டு. வாங்குவது பெரிய காரியமன்று. யாருக்கு எந்த நாள் தண்ணீர், எண்ணெய்ச் செலவு யாருடையது, பழுதுபட்டால் யார் திருத்துவது என்று முறை வகுப்பதே கடினம். ஒரு பாடசாலையையும் இவ்வாறு கூட்டாக நடத்தலாமா? நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நிலத்தின் கதை

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கே, வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் கெனவிக், பாஸ்கோ, ரிச்லன்ட் என்னும் மூன்று நகரங்கள் அடுத்தடுத்து உள்ளன. சுற்றிவரப் பழத்தோட்டங்களும் பாசன வயல்களும். பாஸ்கோவில் தோட்ட வேலைக்காக மெக்சிக்கோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல.

இந்த மண்ணும் இடம்பெயர்வை அறியும். 1943 இல் யுத்தத் தேவைக்காக அரசாங்கம் ஹான்போர்ட், வைட் புளவ்ஸ், ரிச்லன்ட் ஆகிய ஊர்களின் கமக்காரரை வெளியேற்றியது. சிலருக்கு 30 நாள் தவணையே கிடைத்தது. அந்த நிலத்தில் புளுட்டோனியம் தயாரிக்கப்பட்டது. 1945 இல் நாகசாகியில் போடப்பட்ட குண்டுக்கு அதுவே பயன்பட்டது. உற்பத்தி 1987 இல் நின்றது. நஞ்சான கழிவை அகற்றும் வேலை இன்றும் முடியவில்லை. நிலத்தைக் கெடுத்ததும் விஞ்ஞானம். அதைச் சீராக்கத் தேவைப்படுவதும் விஞ்ஞானம். அதற்குப் படித்த பிள்ளைகள் வேண்டும்.

கூட்டு முயற்சி

மூன்று நகரங்களுக்கும் தனித்தனிக் கல்விச் சபைகள் உண்டு. விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றுக்கென ஒரு தனிப் பாடசாலை நடத்துவது ஒரு சபைக்குப் பாரமான காரியம். ஆகவே மூன்றும் சேர்ந்து 2009 இல் ரிச்லன்டில் டெல்ரா உயர் பாடசாலையைத் தொடங்கின. உள்ளூர்க் கல்லூரியும், பல்கலைக்கழகமும், அங்குள்ள தேசிய ஆய்வுகூடமும் துணைநின்றன. 2015 இல் பாஸ்கோவில் அதற்குப் புதிய கட்டடம் அமைந்தது. இது அரசாங்கப் பாடசாலை, படிப்புக்குக் கட்டணமில்லை.

யாருக்கு இடம்?

இங்குதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி உள்ளது. விண்ணப்பங்கள் கூடியபோது, அதிக புள்ளி பெற்றவரை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்தார்கள். விஞ்ஞானியின் பிள்ளைக்கும் பழம் பறிப்பவரின் பிள்ளைக்கும் ஒரே சீட்டு. தனியார் வகுப்புக்குப் பணமில்லாத வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆயினும் இம்முறையில் குறையும் உண்டு. சீட்டு விழாத பிள்ளை வெளியே நிற்கிறது. விண்ணப்பம் பற்றி அறியாத வீட்டின் பெயர் சீட்டிலேயே ஏறாது. ஆகவே கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. கதவு திறந்திருக்கிறது என்று கடைசி வீட்டுக்கும் போய்ச் சொல்லவேண்டும். பெற்றோர் தாமும் விசாரித்து அறியவேண்டும்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது பிள்ளைகளின் படிப்புக்குத் தேவையானவற்றுள் தனியே செய்ய முடியாதது எது? ஆய்வுகூடமா, வாசிகசாலையா, கணித ஆசிரியரா?

2. அதை அயலூருடன் பகிர்ந்தால் செலவு, இடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு என்ன முறை வகுப்போம்?

3. புதிதாக வந்து சேர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் அந்த முறையில் இடமுண்டா?