தோளில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரியும் கார்டும் சேர்த்தே 715 கிராம்தான் உன் சோனி எஃப்எக்ஸ்3. அதைச் சுற்றிக் கேஜ், ராடு, மேட் பாக்ஸ், ஏழு அங்குல மானிட்டர், ஃபாலோ ஃபோகஸ், வி-மவுண்ட் பேட்டரி, இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி என்று எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறாய். ஐந்து கிலோவாவது வரும். இதைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாதம் தூத்துக்குடி உப்பளத்துக்கு ஆவணப்படம் எடுக்கப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன்.

ரிக் கட்ட உட்காரும்போது பெரும்பாலும் கேமராவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீ ஷாட்டிலிருந்து தொடங்கு. இன்றைக்குக் கேமரா எதன் மேல் உட்காரப் போகிறது? ட்ரைபாடா, கையா, தோளா, கிம்பலா? அது முடிவான பிறகு ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இது இல்லாவிட்டால் இன்றைய ஷாட்டில் என்ன கெடும் என்று கேள். பதில் வராதது பெட்டியிலேயே இருக்கட்டும்.

நான் உதவியாளனாகச் சேர்ந்தபோது எங்களிடம் ஆரி 2சி ஃபிலிம் கேமரா இருந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டாரையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு என் கேமராமேன் நடிகர்களோடு ஓடுவார். 400 அடி ரோல் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான் மேகசின் மாற்றுகிற வரை அவர் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொள்வார். உனக்கு அந்த ஓய்வு கிடையாது, கார்டு ஓடிக்கொண்டே இருக்கும். எடை குறைந்த கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைவிட அதிக நேரம் சுமக்கப்போகிறவள் நீ. என் வலது தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. உனக்கு அது வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கேமராவைக் கையில் பிடித்தாலும் சரியாக வராது. இத்தனை லேசான பொருள் கையின் நடுக்கத்தையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளும். இதில் கண்ணை ஒட்டிப் பார்க்க வ்யூஃபைண்டரும் இல்லாததால், முகத்தில் ஊன்றி நிறுத்தவும் வழியில்லை. அதற்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் வைட் லென்ஸ் போட்டு நடந்தால் ஓரங்கள் நெளியும். ஆகவே எடை வேண்டும், அதுவும் உடம்பை ஒட்டி வேண்டும். உன் படத்தில் எடை முழுக்க லென்ஸ் பக்கம் தொங்குகிறது. அந்த வி-மவுண்ட் பேட்டரியை ராடில் பின்னுக்குத் தள்ளி, தோளுக்கு அப்பால் போய் நிற்கும்படி வை. முன்னால் லென்ஸ், பின்னால் பேட்டரி, நடுவில் தோள். கட்டி முடித்ததும் இரண்டு கையையும் ஒரு நொடி லேசாக விட்டுப் பார். மூக்கு கீழே கவிழாமல் நின்றால் சரி. க்ரெனோபிளில் ஆட்டன் கேமராவை உருவாக்கிய ழான்-பியர் போவியாலா, கேமரா தோளில் பூனை மாதிரி உட்கார வேண்டும் என்று நினைத்தவர். ஆட்டனைத் தோளில் வைத்த யாரையாவது கேட்டுப் பார், இன்றும் அந்தச் சுகத்தைச் சொல்வார்கள்.

வி-மவுண்டில் 99 வாட்-ஹவர் போதும். கேமராவின் சொந்த பேட்டரி 16.4 வாட்-ஹவர், இது அதைப்போல் ஆறு மடங்கு. நூறுக்குள் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் தடையில்லை.

எந்த வேலையானாலும் மாறாத ஒரு நடுப்பகுதியை வைத்துக்கொள். கேமரா, அடியில் ஒரு குவிக் ரிலீஸ் பிளேட், ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப், அவ்வளவுதான். அதே பிளேட் உட்காரும் அடித்தட்டை ட்ரைபாட், தோள் பேட், கிம்பல் மூன்றிலும் பூட்டி வைத்துவிடு. கேஜ் கூடக் கட்டாயமில்லை; மேலேயும் பக்கங்களிலும் கால் அங்குல ஸ்குரூ துளைகளோடுதான் இந்த கேமராவைச் செய்திருக்கிறார்கள். பேட்டி எடுக்கும் நாளில் எக்ஸ்எல்ஆர் கைப்பிடி அவசியம், ஒலி அதில்தான் வருகிறது. கிம்பல் நாளில் அதைக் கழற்று, மேட் பாக்ஸையும் கழற்று. ஃபில்டர், கார்டு எல்லாம் போட்டு, லென்ஸ் மூடியை எடுத்த பிறகு பேலன்ஸ் செய். முதலில் டில்ட், பிறகு ரோல், கடைசியில் பேன். தடித்த கேபிள் ஸ்பிரிங் மாதிரி மோட்டாரை இழுக்கும், மெல்லியதாகக் குட்டையாக ஒன்று வாங்கு. பேலன்ஸ் ஆன இடத்தைப் பிளேட்டில் வெள்ளை டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் மறுநாள் இரண்டு நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

உப்பளம் என்றதும் எனக்கு முதலில் வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது. அங்கே விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். எஸ்-லாக்3-ல் உன் கேமராவுக்கு 800, 12,800 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ. இருட்டில் வரப்பில் நடந்து வரும் பெண்களை இரண்டாவதில் எடு, லைட் எதுவும் கொண்டுபோகாதே. சிக்கல் உச்சி வெயிலில். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, ஐரிஸ் 2.8 என்று வைத்தால் ஒன்பது ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். வெள்ளை உப்புக்கு இன்னும் கூட. இந்த கேமராவுக்குள் அதற்கான என்டி ஃபில்டர் கிடையாது. நீ வாங்கியிருக்கிற இரண்டிலிருந்து ஐந்து ஸ்டாப் வேரியபிள் என்டி அங்கே திணறும். அதையே இன்னும் முறுக்கினால் வைட் லென்ஸில் வானத்தின் குறுக்கே கறுப்பாகப் பெருக்கல் குறி விழும். 1.8 என்டி ஒன்று வாங்கு, அது ஆறு ஸ்டாப். ஐரிஸை 8-க்கு மூடினால் மிச்சம் மூன்றும் வந்துவிடும். எல்லா லென்ஸுக்கும் 82 மில்லிமீட்டர் ஸ்டெப்-அப் ரிங் போட்டுவிட்டால் ஒரே ஃபில்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மேட் பாக்ஸைச் சுமக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒற்றை ஸ்குரூவில் எதையும் தொங்கவிடாதே. ஒரு படப்பிடிப்பில் மேல் கைப்பிடி ஒரே ஸ்குரூவில் நின்றிருந்தது. நான்தான் பூட்டினேன். தூக்கியபோது அது சுழன்று, வாடகைக்கு எடுத்த லென்ஸ் கருங்கல் படியில் இடித்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சுழலாமல் தடுக்கும் சிறு பின் உள்ள சாமானாகப் பார்த்து வாங்கு, அல்லது இரண்டு ஸ்குரூ போடு. காலையில் ஒரு முறை, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு முறை ஆலன் கீயால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்.

உப்புக் காற்று ஸ்குரூக்களை இரண்டே நாளில் இறுக்கிவிடும். தினமும் இரவில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிளேட்டையும் ராடையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடு. கேமராவுக்குப் பிரஷ் போதும். வரப்பு வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, ட்ரைபாடிலிருந்து தோளுக்கு மாற்றிக் கட்டிக் காட்டு. டார்ச் நான் பிடிக்கமாட்டேன். அங்கேயும் உனக்குப் பிடிக்க ஆள் இருக்காது.

அன்புடன்,
பெரியப்பா