வீட்டிலிருந்தே செய்தி தேடலாம்

கேள்வி: கைக்குழந்தையோடு இருக்கும் நான், குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுத முடியுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. ஆனால் சொந்த அனுபவத்தை எழுதப் பலர் இருக்கிறார்கள். உங்கள் ஊர் அங்கன்வாடியில் என்ன நடக்கிறது என்று விசாரித்து எழுதத்தான் ஆளில்லை. 'பிள்ளையை விட்டுவிட்டு எப்படி அலைவது?' என்பீர்கள். நியாயமான கேள்விதான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தில் வீட்டிலிருந்தே மனு அனுப்பலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். தடுப்பூசி போடப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பத்துத் தாய்மாரிடம் பேசலாம். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, உணவு விளம்பரங்களை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடைசெய்கின்றன. கட்டுரை வடிவில் அதே விளம்பரத்தை எழுதச் சொன்னால், எவ்வளவு பணம் தந்தாலும் மறுத்துவிடுங்கள்.