மறைக்காமல் சொல்லுங்கள்: யுவராஜ் சிங்கின் அனுபவம் தரும் பாடம்

கிரிக்கெட் ஆட்டங்களை விரும்பிப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் யுவராஜ் சிங்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2007ஆம் ஆண்டு டி20 உலகக் கிண்ணப் போட்டியில் ஒரே ஓவரின் ஆறு பந்துகளையும் சிக்சருக்கு அடித்தவர் அவர். 2011ஆம் ஆண்டு இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றபோது, 362 ஓட்டங்கள் எடுத்து, 15 விக்கெட்டுகளையும் வீழ்த்தித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார்.

அந்தத் தொடரின்போதே அவர் உடல்நலம் குன்றியிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவருடைய அனுபவத்திலிருந்து மூத்தோராகிய நாம் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு: உடலில் ஏற்படும் மாற்றத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உடல் தந்த எச்சரிக்கை

2011 மார்ச் 20ஆம் தேதி சென்னை சேப்பாக்கம் விளையாட்டரங்கில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் மோதியது. யுவராஜ் 113 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டத்தின் நடுவே அவர் திடலிலேயே வாந்தி எடுத்ததை ரசிகர்கள் பார்த்தனர். சென்னை வெயிலில் அப்படி நேர்வது இயல்புதான் என்று எவரும் நினைத்திருப்பார்கள். அவர் தொடர்ந்து ஆடி, அன்றைய ஆட்ட நாயகன் விருதையும் பெற்றார்.

அந்த மாதங்களில் அவருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தன. இருமும்போது ரத்தமும் வந்தது. ஆனால் ஆட்டத்திலேயே கவனமாக இருந்ததால் அவற்றைப் பொருட்படுத்தவில்லை என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 29. உடல் வலிமை மிக்க ஒரு விளையாட்டு வீரருக்கே இப்படி நேர்ந்தது.

பின்னர் செய்த பரிசோதனைகளில், இரு நுரையீரல்களுக்கும் இடையே கட்டி இருப்பது தெரிந்தது. அது புற்றுநோய்க் கட்டி என்ற செய்தி 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியானது. நல்ல வேளையாக, அந்த வகைப் புற்றுநோய் மருந்துகளுக்கு நன்கு கட்டுப்படக்கூடியது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அவருக்குச் சிகிச்சை அளித்தார். அவ்வகைப் புற்றுநோய்களுக்கு 1970களில் புதிய மருந்துச் சிகிச்சையை உருவாக்கியவர் அவர். மூன்று சுற்று கீமோதெரப்பி சிகிச்சைக்குப் பிறகு, 2012 ஏப்ரல் மாதம் யுவராஜ் நாடு திரும்பினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, அதே சேப்பாக்கம் அரங்கில், நியூசிலாந்துக்கு எதிராக அவர் மீண்டும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். 34 ஓட்டங்கள் எடுத்தார். அன்று இந்தியா ஓர் ஓட்டத்தில் தோற்றது. ஆனாலும் அவர் திரும்பி வந்ததே ரசிகர்களுக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

ஒருவர் பேசினால் பலர் பயன்பெறுவர்

சிகிச்சையின்போது முடி கொட்டிப்போனதை யுவராஜ் மறைக்கவில்லை. மொட்டைத் தலையுடன் இருக்கும் தம் படத்தை அவரே இணையத்தில் வெளியிட்டார். அமெரிக்காவில் அவருடைய தாயார் உடனிருந்து கவனித்துக்கொண்டார். முன்னாள் அணித் தலைவர் அனில் கும்ப்ளே அங்கே சென்று அவரை நேரில் பார்த்தார்.

குணமடைந்த பிறகு யுவராஜ் ‘யூவீகேன்’ என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வை வளர்ப்பது, பரிசோதனை முகாம்களை நடத்துவது, சிகிச்சைச் செலவுக்கு உதவுவது, நோயிலிருந்து மீண்ட பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுப்பது ஆகிய பணிகளை அந்நிறுவனம் இந்தியாவில் செய்துவருகிறது.

எல்லாப் புற்றுநோய்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒருவர் குணமடைந்த விதத்திலேயே மற்றவரும் குணமடைவார் என்று சொல்ல முடியாது. ஆனால் பல வகைப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறிந்தால், சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு அதிகம்.

நாம் ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

“பிள்ளைகளுக்கு எதற்குச் சிரமம்?” “இந்த வயதில் பரிசோதனை செய்து என்ன ஆகப்போகிறது?” “வெளியில் தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?” நம் வீடுகளில் இத்தகைய பேச்சைக் கேட்டிருப்போம். அன்பினாலும் அச்சத்தினாலும்தான் நாம் மறைக்கிறோம். ஆனால் நோய் முற்றிய பிறகு தெரியவரும்போது, பிள்ளைகளின் சிரமம் குறைவதில்லை, கூடுகிறது. “முன்பே சொல்லியிருக்கலாமே” என்ற வருத்தமும் அவர்களுக்குச் சேர்ந்துகொள்கிறது.

புற்றுநோய் தொற்றுநோய் அன்று. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, ஒரே வீட்டில் வாழ்வதாலோ அது பரவாது. அது யாருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனையும் அன்று. எனவே, வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

பின்வரும் மாற்றங்களில் எதுவும் உங்களுக்கு இருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்:

• மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது குரல் கம்மல்
• சளி, சிறுநீர், மலம் ஆகியவற்றில் ரத்தம்
• காரணமின்றி உடல் எடை குறைதல், பசியின்மை
• மார்பகத்திலோ, கழுத்திலோ, உடலின் வேறு பகுதியிலோ கட்டி
• மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடிக்கும் மாற்றம்
• விழுங்குவதில் சிரமம், ஆறாத வாய்ப்புண்
• மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் ரத்தப்போக்கு

இவை இருந்தாலே புற்றுநோய் என்று பொருள் இல்லை. பெரும்பாலும் வேறு காரணங்களால்தான் ஏற்படுகின்றன. ஆயினும் காரணத்தை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

அறிகுறி இல்லாதபோதே பரிசோதனை

சில புற்றுநோய்கள் தொடக்கத்தில் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அதனால்தான் நலமாக இருக்கும்போதே பரிசோதித்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கப்படுகிறது.

பெருங்குடல் புற்றுநோய்: சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. 50 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே, வெவ்வேறு இரண்டு நாள்களில் மல மாதிரியைச் சிறு குழாயில் எடுத்துக் கொடுத்தால் போதும். வலி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள்.

மார்பகப் புற்றுநோய்: 50 வயதைத் தாண்டிய பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் எனும் மார்பகப் படச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்: 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. எந்த வயதுவரை தொடர வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்துள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள், தங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் இத்தகைய பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். நீங்கள் பதிவுசெய்துள்ள குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ விசாரியுங்கள். ஹெல்த்ஹப் செயலியைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால், மகனிடமோ மகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ உதவி கேளுங்கள்.

தெரிந்தவர் வீட்டில் புற்றுநோய் என்றால்

உதவி செய்வதற்குப் புகழ்பெற்ற விளையாட்டு வீரராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் சிறு உதவியும் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

• போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல், இருமல் இருந்தால் போகாதீர்கள். கீமோதெரப்பி பெறுபவர்களுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவாக இருக்கும்.

• “உங்களுக்கு எப்படி இந்த நோய் வந்தது?” என்று துருவாதீர்கள். இதே நோயால் இறந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் பேச விரும்பினால் பொறுமையாகக் கேளுங்கள்.

• சமைத்துக் கொடுக்க விரும்பினால், என்ன சாப்பிட முடிகிறது என்று கேட்டுச் சமையுங்கள். சிகிச்சையின்போது வாய்ப்புண் வரலாம். அப்போது காரம் எரிச்சல் தரும். கஞ்சி, இடியாப்பம் போன்ற மென்மையான உணவு எளிதாக இருக்கும்.

• நாட்டு மருந்து, மூலிகைச் சாறு ஆகியவற்றை வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் சிகிச்சை மருந்துகளின் செயல்பாட்டைப் பாதிக்கலாம். எதையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

• பராமரிப்பவரை மறந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் நோயாளியுடன் இருந்தால், அவர் சற்றுத் தூங்கலாம், கடைக்குப் போய் வரலாம்.

• கீமோதெரப்பி பெறுபவருக்கு 38 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால், காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள்.

பணக் கவலை இருந்தால், மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்கலாம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றையும் மற்ற உதவித் திட்டங்களையும் அவர் விளக்குவார். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆதரவளிக்கிறது.

சிந்தித்துப் பேசுங்கள்

இக்கேள்விகளை வீட்டிலோ, சமூக மன்றத்திலோ நண்பர்களுடன் கலந்துபேசுங்கள்.

1. யுவராஜ் தம் உடலில் ஏற்பட்ட மாற்றங்களைப் பொருட்படுத்தாததற்குக் காரணம் என்ன? நாம் எந்தெந்தக் காரணங்களைச் சொல்லித் தள்ளிப்போடுகிறோம்?

2. நீங்கள் கடைசியாக மலப் பரிசோதனை அல்லது மேமோகிராம் செய்துகொண்டது எப்போது?

3. உடலில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், வீட்டில் யாரிடம் முதலில் சொல்வீர்கள்? அதை அவரிடம் இன்றே தெரிவித்து வையுங்கள்.