எந்த அகராதி, ஆத்தா?

காரைக்குடி

அன்புள்ள பேத்திக்கு,

ஐயா எழுதுவது.

நீ அனுப்பிய மொழிபெயர்ப்பை ஆச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டுப் பகுதிகளின் பெயரை அப்படியே வைத்து விளக்கம் கொடுத்தது சரியான முடிவு. கோயில் கணக்கு வரும் பகுதியில்தான் சங்கடம். 'ஊரில் இத்தனை புள்ளி' என்பதில் புள்ளி, கோலப்புள்ளி ஆகிவிட்டது. நம் பக்கத்தில் கல்யாணமாகித் தனிக் குடும்பமாகக் கணக்கில் ஏறியவர் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரி. கைபேசியில் இணைய அகராதியைத் தேடி, முதலில் வந்த பொருளை எடுத்தேன் என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இணைய அகராதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-ல் அனுபந்தம். ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு சொல்லுக்காக நூலகத்துக்குப் போய், தொகுதியைத் தூக்கி மேசையில் வைத்துப் புரட்ட வேண்டும். இன்று சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வின்சுலோ, பெப்ரீசியசு அகராதிகளும் அங்கேயே உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தாருக்கும் நம் பக்கத்துக்கும் ஓர் உறவும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களை, அவர் 1992-ல் மறைந்த பிறகு வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்தவர்கள் அவர்கள்தான். நம் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தது வீண்போகவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

பேரகராதியின் அந்த இணையப் பதிப்பில் பொருளுக்குள்ளும் தேடலாம். ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், அது வரும் தமிழ்ப் பதிவுகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அச்சுப் புத்தகத்தில் இதற்கு வழியே இல்லை.

ஆனால் எந்த அகராதி, எந்த ஆண்டு என்று கேட்காமல் எதையும் எடுக்காதே. பேரகராதியில் 'கணினி' கிடைக்காது. அந்தக் காலத்தில் ஏது கணினி? பேரகராதி பொருள் சொல்லும் ஆங்கிலமும் அந்தக் காலத்து ஆங்கிலம். அப்படியே எடுத்து ஒட்டினால் உன் வாசகர் விழிப்பார்.

வினைச்சொற்களை அதில் எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நிதானமாகப் பார். 'அடை-தல்' ஒரு பதிவு, 'அடை-த்தல்' இன்னொரு பதிவு. முன்னது போய்ச் சேர்வது, பின்னது மூடுவது. 'அடைந்தான்', 'அடைத்தான்' என்று வாக்கியத்தில் இருப்பதை அப்படியே போட்டுத் தேடினால் உரிய பதிவு கைக்கு வராது. பகுதி எது, விகுதி எது என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை மறுபடி எடுத்துப் படி. பொருளின் பக்கத்தில் 'லோக்.' என்று ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் அது ஏதோ ஒரு வட்டாரத்து வழக்கு. 'ஜே.' என்றால் யாழ்ப்பாண வழக்கு. நூற்பெயர் போட்டிருந்தால் அந்தப் பொருளுக்குச் சான்று அங்கே இருக்கிறது. பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையும் அவருடன் உழைத்தவர்களும் இதையெல்லாம் நாம் பார்க்க வேண்டும் என்றுதான் அச்சேற்றினார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சில இணையத் தளங்களில் தொகுத்தவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இல்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பட்டியல்களும் அகராதி என்ற பெயரில் உலவுகின்றன. ஐந்து தளங்களில் ஒரே பொருள் இருந்தால் ஐந்து சாட்சி என்று நம்பிவிடாதே. ஒரே பிழை ஐந்து இடத்தில் ஏறியிருக்கலாம். இன்றைய தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கி மேசையில் வை. 1992-ல் வந்தது, 2020-ல் விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். மொழிபெயர்ப்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும், கொங்குக்குப் பெருமாள்முருகனும் உட்கார்ந்து வட்டார அகராதி தொகுத்தார்கள். நம் சொற்களும் அப்படிப் பதிவாக வேண்டும். தமிழ் விக்சனரியில் யாரும் பதியலாம். உச்சரிப்பை ஒலியாகவும் ஏற்றலாம். அடுத்த முறை வரும்போது நாலு நாள் கூடுதலாகத் தங்கு, ஆத்தா. கல்யாணச் சடங்குகளின் பெயர், பாத்திரங்களின் பெயர், கணக்கேட்டுச் சொற்கள் என்று ஆச்சி சொல்லச் சொல்ல நீ எழுது. ஒவ்வொன்றுக்கும் யார், எந்த ஊரில், எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுது. ஆச்சிக்கு நினைவு நன்றாக இருக்கிறது. தள்ளிப்போடாதே.

அன்புடன்,
ஐயா