அக்காவின் போன் எண்கள்

அந்தமானில் லம்பா லைன். அங்கே ஓர் அக்கா தையல் வேலை செய்கிறார். சொந்தபந்தமெல்லாம் மெயின்லேண்டில். அவர்களின் எண்கள் அக்காவின் ஆண்ட்ராய்டு போனில் மட்டுமே இருந்தன. மழையில் போன் நனைந்தால்? எல்லாம் போய்விடும்.

தம்பியிடம் ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தது. கேபிளைச் செருகினார்கள். சார்ஜ் ஏறியது. போனில் இருப்பதைக் கம்ப்யூட்டர் காட்டவில்லை. இரண்டிலும் பழுது இல்லை. ஆண்ட்ராய்டு கேபிள் வழியே பேசும் முறை ஆப்பிளுக்குத் தானாகப் புரியாது. கம்பெனிகளுக்குள் போட்டி, மாட்டிக்கொள்வது நாம்.

பொது வழி ஒன்று உண்டு. அதன் பெயர் வி-கார்டு. 1995-இல் ஆப்பிள், ஐ.பி.எம். முதலிய கம்பெனிகள் கூடி வகுத்தது. பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு போன்றது. எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரும் அதைப் படிக்கும். போனில் காண்டாக்ட்ஸைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தேடித் தொட வேண்டும். கிடைக்கும் பைலை இ-மெயிலில் அனுப்பலாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது. அதன்பின் இன்டர்நெட்டுக்குக் காத்திருப்பதும் குறைந்தது.

அக்கா அனுப்பினார். ‘பெரியம்மா’ என்று தமிழில் எழுதியது அப்படியே திரையில் வந்தது.

இது நகல்தான். புது எண் சேர்த்தால் மறுபடி அனுப்ப வேண்டும். தானாகச் சேர வேண்டுமா? போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் ஒரே கூகுள் கணக்கைப் போட வேண்டும். அப்போது கவனம் தேவை. ஓரிடத்தில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும்.