எல்லை தாண்டும் முன் ஒரு கணக்கு: ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை வழிகாட்டி

காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் சிப்காட் ஆலைகளுக்குப் போகிறது. இன்னொன்று கல்லூரிப் பையோடு ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. பல வீடுகளில் அப்பா முதல் கூட்டத்திலும் பிள்ளை இரண்டாவது கூட்டத்திலும் இருப்பார்கள்.

"பெங்களூர் பக்கத்தில்தானே இருக்கிறது" என்றுதான் அந்தப் பிள்ளையைச் சேர்த்திருப்பார்கள். பேருந்துக்குப் பக்கம்தான். ஆனால் உதவித்தொகை கிலோமீட்டர் பார்ப்பதில்லை, எந்த மாநிலம் என்று பார்க்கிறது. கல்லூரியை முடிவுசெய்துவிட்டு அதன்பின் பணம் தேடுவதுதான் நம் பகுதியில் நடக்கும் பெரிய தவறு. உங்களுக்கு உரிய பணத்தில் பெரும்பகுதி நீங்கள் படித்த பள்ளி, கையிலுள்ள சான்றிதழ்கள், பெற்றோரின் சம்பளச் சீட்டு ஆகிய மூன்றிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதை முதலில் வாசித்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 1: பள்ளி ஆண்டுகளை எண்ணுங்கள்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஏழு ஆண்டுகளும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் மூன்று கதவுகள் திறக்கின்றன.

முதலாவது 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது.

இரண்டாவது, மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மூன்றாவது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம். 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. இரண்டிலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பட்டம், பட்டயம், ஐடிஐ மூன்றும் அடங்கும். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதைச் சேர்த்தே பெறலாம்.

நம் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பயிற்றுமொழி தடையில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தமிழ்வழி என்ற நிபந்தனை அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டும்தான். தெலுங்குவழியில் படித்ததால் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பி ஒதுங்கிவிடாதீர்கள்.

பிள்ளை இன்னும் ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை: வேலை மாறியதால் ஓரிரு ஆண்டுகள் அத்திப்பள்ளிப் பக்கம் பள்ளி மாற்றினால்கூட இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். மாற்றும் முன் யோசியுங்கள்.

படி 2: எல்லாத் தாளிலும் ஒரே பெயர் இருக்கட்டும்

விண்ணப்பம் நிராகரிக்கப்பட மதிப்பெண்ணைவிடப் பெயரே அதிகம் காரணமாகிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கும். எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அப்பா பெயர் ஒரு தாளில் முனியப்பா, இன்னொன்றில் முனியப்பன். கணினிக்கு இவர்கள் இருவேறு ஆட்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அளவுகோலாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள்.

தேவையான சான்றிதழ்கள்: சாதி, வருமானம், இருப்பிடம், தேவைப்பட்டால் முதல் பட்டதாரி. எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு 'கேன் எண்' என்ற பதிவு எண் உருவாக்குவார்கள். அதைக் குறித்து வையுங்கள், அடுத்த சான்றிதழுக்கும் அதுவே. மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். கல்லூரிச் சேர்க்கை நாட்களில் அங்கே மனுக்கள் குவியும். வருமானச் சான்றிதழ் நடப்பில் செல்லுபடியாகிறதா என்று ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள்.

கடைசியாக வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது மட்டும் போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வரவேண்டும் என்ற ஆதார் இணைப்பு தனியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதாரை இணைத்துவிட்டீர்களா?" என்று வங்கியில் இதே சொற்களில் கேளுங்கள்.

படி 3: எல்லைக் கணக்கைப் போடுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் தமிழ்நாட்டிலேயே நின்றுவிடும் உதவிகள். வலப்பக்கம் உங்களோடு எல்லை தாண்டி வருபவை.

இடப்பக்கம்: 7.5 சதவீத ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கும். தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கே உண்டு.

வலப்பக்கம்: மத்திய அரசின் உதவித்தொகைகள், கல்விக் கடன், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. போஸ்ட் மெட்ரிக்கைப் பொறுத்தவரை, நீங்கள் எங்கே படித்தாலும் பணம் தரவேண்டியது உங்கள் சொந்த மாநிலம். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கும் தனி உதவித்தொகை உண்டு. இங்குள்ள அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிக்கும் இப்பிரிவினருக்கு வருமான வரம்பில்லாத இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது; அதை இடப்பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரி உதவித்தொகை அலுவலரிடம் முதல் வாரமே பேசுங்கள்.

சாதிப் பட்டியலும் எல்லையில் மாறும். லம்பாடி சமூகம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், கர்நாடகத்தில் பட்டியல் சாதி, ஆந்திரத்தில் பழங்குடி. அக்கரையில் இருக்கும் சொந்தக்காரர் என்ன வாங்குகிறார் என்பதை வைத்து இங்கே விண்ணப்பிக்கக் கூடாது. உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதே கணக்கு.

படி 4: சம்பளச் சீட்டைப் பிரித்துப் பாருங்கள்

ஆலைத் தொழிலாளர் வீடுகளில் அதிகம் தவறவிடப்படுவது இது. டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டிருக்கும். அந்த நிதியை நிர்வகிக்கும் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. விண்ணப்பத்தில் நிறுவனத்தின் சான்று வேண்டும். மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் என்றாலும் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த வரி இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் காப்பீடு பெற்றவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. நீட் எழுதியிருக்க வேண்டும், காப்பீட்டாளரின் பிள்ளை என்ற சான்றிதழை இஎஸ்ஐ கழகத்திடம் உரிய காலத்தில் வாங்க வேண்டும். பெங்களூரு ராஜாஜிநகரிலும் சென்னை கே.கே. நகரிலும் இக்கல்லூரிகள் இருக்கின்றன.

கட்டட வேலை செய்பவர், நல வாரிய அட்டை வைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கேட்கலாம். அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

படி 5: தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவுசெய்யுங்கள்

மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பிறகு இரண்டு திட்டங்களை முதலில் பாருங்கள்.

ஒன்று, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறைத் திட்டம். பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 80-ஆவது 'பெர்சன்டைல்' என்ற நிபந்தனையைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். அது 80 மதிப்பெண் அல்ல. உங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்ற நூறு பேரில் முதல் இருபதுக்குள் இருக்க வேண்டும் என்பதே பொருள். இதை வாங்குபவர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே எது லாபம் என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, பிரகதி. தொழில்நுட்பப் பட்டமோ பட்டயமோ படிக்கும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேரும் பெண்ணும் கேட்கலாம், பெங்களூரில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேரும் பெண்ணும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் என்ற இணைத் திட்டங்கள் உண்டு.

விண்ணப்பித்ததோடு வேலை முடிவதில்லை. கல்லூரி அதைச் சரிபார்த்து அனுப்பினால்தான் மேலே போகும். அனுப்பிவிட்டார்களா என்று தளத்தில் நீங்களே பாருங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிப்பதையும் மறக்காதீர்கள்.

படி 6: ஆலைகளிடம் கேளுங்கள்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. கல்வி அதில் அடங்கும். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி ஆலைகளைச் சுற்றி வாழும் நம் பிள்ளைகளுக்கு இது முக்கியமான செய்தி. தலைமை ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அகரம் போன்ற அறக்கட்டளைகளும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பிலேயே விசாரியுங்கள்.

படி 7: மீதித் தொகைக்கு மட்டும் கடன்

மேலே சொன்னவற்றைக் கழித்தபின் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் ரூபாய் வரை உங்கள் பங்குத் தொகையும் சொத்து அடமானமும் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் மாதிரித் திட்ட விதி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள தரமான கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமோ ஜாமீன்தாரரோ தேவையில்லை. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

படி 8: முதுகலைக்குப் பிறகும் வழி உண்டு

கேட் தேர்வில் தகுதிபெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். தமிழ், வரலாறு, பொருளியல் படித்தவர்களுக்கும் இது உண்டு. கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரியில் முதுகலை படிக்கும்போதே இத்தேர்வுக்குத் தயாராகலாம்.

எப்போது எதைச் செய்வது?

பதினொன்றாம் வகுப்பில்: பெயர்த் திருத்தம், சாதிச் சான்றிதழ், வங்கி இணைப்பு.
பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறையில்: முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லைக் கணக்கு.
தேர்வு முடிந்ததும்: வருமானச் சான்றிதழ், கலந்தாய்வுப் பதிவு.
கல்லூரி திறந்த முதல் மாதத்தில்: மாநில, மத்திய விண்ணப்பங்கள் அனைத்தும்.

விதைக்கிற நாளில் ஊர்வழி போய், அறுக்கிற நாளில் அரிவாள் எடுத்த கதையாக ஆகிவிட வேண்டாம். உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடவு எண்ணைச் சொல்லாதீர்கள். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அது திருத்தக்கூடிய ஒரு காகிதமாகவே இருக்கும்.

இன்று இரவே ஒரு வேலை செய்யலாம். அப்பா ஷிப்ட் முடித்து வந்ததும் ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அவருடைய சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கல்லூரி என்ற பேச்சை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.