விசேஷத்துக்கு வட்டிக்கு வாங்குவதற்கு முன் சில குறிப்புகள்

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி, கோரிமேடு, கன்னங்குறிச்சி பக்கம் ஆவணி பிறந்தால் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைப்பது கஷ்டம். காதுகுத்து, பெண்ணுக்குச் சீர், கல்யாணம், புதுமனை புகுவிழா என்று வரிசையாக வரும். தறி, கொலுசுப் பட்டறை, கட்டட வேலை என்று சனிக்கிழமைக் கூலியை நம்பியிருக்கும் வீடுகளில் செலவுக்குப் பாதிப் பணம்தான் கையில் இருக்கும். மீதியை "ரெண்டு மாசத்துல திருப்பிடலாம்" என்று வட்டிக்கு வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்குபவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். விசேஷத்துக்கு வழி உண்டு என்பதால்தான் இந்தக் குறிப்புகள்.

1. வட்டியை ஆண்டுக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். 3 வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. 5 வட்டி 60. 10 வட்டி 120. ஒரு லட்சத்தை 5 வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத்தில் 30,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும்.

2. தண்டலில் வட்டி குறைவு என்று நினைக்க வேண்டாம். 10,000 ரூபாய்த் தண்டல் என்பார்கள். பிடித்தம் போகக் கையில் 8,500 வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 தானே போகுது" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 முழுதாக 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 50-ஆம் நாளில், வாங்கியதில் பாதிக்கு மேல் கட்டியிருப்பீர்கள். குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 விழுக்காடு வருகிறது. 10 வட்டியும் இதுவும் ஒன்றுதான். பூக்கடை, காய்கறிக்கடை வைத்திருப்பவர் தண்டல் வாங்கினால் அந்த முதலீடு தினமும் காசாகத் திரும்பும். காதுகுத்துக்குச் செலவழித்த பணத்திலிருந்து மறுநாள் 100 ரூபாய் வராது. அது அரிசி, பருப்புக்கு வைத்த கூலியிலிருந்துதான் போகும்.

3. மொய்யை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வட்டிக்குக் கொடுப்பவரே "மொய் வந்ததும் குடுத்துருங்கக்கா" என்பார். மொய்ப்பையைப் பிரிக்கும் முன்பே மண்டப பாக்கி, சமையல்காரர், பந்தல், பூ, மைக் செட் எல்லோரும் வந்து நிற்பார்கள். எண்ணி முடித்தபின் வட்டிக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம். அது போக, மொய்யே ஒரு கடன்தான். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு, வந்ததைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். அதை எடுத்து வட்டிக் கடனை அடைத்தால் ஒன்று போய் இன்னொன்று தலையில் நிற்கும். தேதி குறிக்கும் முன் பழைய மொய் நோட்டை எடுத்து உட்காருங்கள். நீங்கள் செய்து, இன்னும் திரும்பி வராதவற்றை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அந்தத் தொகைதான். அதிலும் பாதியை மட்டும் வரவாக வையுங்கள்.

4. நகை இருந்தால் அதை வைத்துக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வாங்குங்கள். பல பெண்கள் இதற்குத் தயங்குவதன் காரணம் எனக்குப் புரிகிறது: விசேஷத்தன்று கழுத்து வெறுமையாக இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். அந்த ஒரு நாளுக்காக நகையைப் பீரோவில் வைத்துவிட்டு 10 வட்டிக்கு வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 10 வட்டிக்கு 30,000 போகும். ஆண்டுக்கு 10 விழுக்காட்டில் நகைக்கடன் என்றால் 2,500. சபையில் நகை போட்டு நிற்க 27,500 ரூபாய் கொடுக்கிறோம். அன்றைக்குக் கவரிங் போட்டுக்கொள்ளுங்கள், தவறே இல்லை. தவணை முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஏல நோட்டீஸ் வரும்வரை விட்டுவிடாமல் வட்டியையாவது அவ்வப்போது கட்டி வாருங்கள்.

5. முதலாளியிடம் பெரிய முன்பணம் வாங்குமுன் யோசியுங்கள். நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளில் இதைப் 'பாக்கி' என்பார்கள். அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் கீர்ட் டி நேவ் 1999-இல் இந்தப் பாக்கியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். இதற்கு வட்டி இல்லையே என்று தோன்றும். ஆனால் அடைக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி உயர்வு கேட்க வாய் வராது. கல்யாணம் காட்சிக்கு வாங்கிய பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் ஒரே தறியில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சில மாதக் கூலியில் கழிந்துவிடும் அளவோடு நிறுத்துங்கள்.

6. உங்களுக்கு உரிமையான பணத்தை முதலில் தேடுங்கள். பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்தால் உங்கள் கல்யாணத்துக்கும், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கல்யாணத்துக்கும் அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்து வந்தவர்களுக்குத் திருமண உதவித்தொகை உண்டு. ஏழை விதவைத் தாயின் மகளுக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவு திருமண உதவித் திட்டத்தில் 25,000 ரூபாய் (பட்டம், பட்டயம் படித்திருந்தால் 50,000), கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். கல்யாணத்துக்கு முன்பே சமூக நல அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். முடிந்தபின் போய் நின்றால் சிரமம்.

7. செல்போன் ஆப் கடனா? ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கடன் தரும் வங்கி அல்லது நிதி நிறுவனம் பணத்தை நேராக உங்கள் கணக்கில்தான் போட வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியைத் தனித்தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். காட்டாத ஆப்பை நீக்கிவிடுங்கள். போனில் உள்ள நம்பர்கள், போட்டோக்களைப் பார்க்க அனுமதி கேட்டாலும் நீக்குங்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குவது அதை வைத்துத்தான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

8. வாரக் குழுக் கடன் ஏற்கெனவே ஓடினால், அதன்மேல் இன்னொரு குழுக் கடன் வேண்டாம். ஏழைக் குடும்பங்களுக்கான சிறுகடன்களில் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பாதியே அதிகம். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவது நல்லது.

9. செலவைக் குறைப்பது எங்கே? பிளக்ஸ், மேடை அலங்காரம், டிரோன் வீடியோ, வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் எவர்சில்வர் கிண்ணம் — இவற்றில் குறையுங்கள். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். இலையைக் குறைத்து வயிறு நிறையப் போடுங்கள். காதுகுத்தைக் குலதெய்வம் கோயிலில் வைத்தால் மண்டப வாடகையே மிச்சம். சேலத்துச் சனங்கள் முனியப்பன் கோயிலில் கிடா வெட்டிப் பந்தி போட்டு நடத்தும் விசேஷத்தை ஒருவரும் குறைவாகப் பேசியதில்லை.

10. வெற்றுப் புரோநோட்டு, தொகை எழுதாத செக், எழுதாத பத்திரத்தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் என்ன தொகையை எழுதிக்கொண்டாலும் அது நம் கையெழுத்தாக நிற்கும். ஏ.டி.எம். கார்டையும் ரேஷன் கார்டையும் அடமானமாகக் கொடுக்க வேண்டாம். வட்டியை முடிந்தவரை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்; ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

11. ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு: கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வட்டிக்காரர் வாங்க மறுத்தால் நியாயமாகத் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டி மனுப்போட அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இலும் தனிச் சட்டம் வந்துள்ளது. மிரட்டல் போன்களைப் பதிவு செய்து, கொடுத்த பணத்தின் கணக்கு நோட்டோடு போலீசிலோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுங்கள். தனியாகப் போகாமல் வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

12. மிரட்டல் இல்லை, வட்டி மட்டும்தான் தாங்கவில்லை என்றால், நகைக்கடன் வாங்கியாவது அந்த 10 வட்டியை முதலில் முடியுங்கள். முடிக்கும் நாளில் பணத்தைக் கொடுக்கும்போதே புரோநோட்டையும் செக்கையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். "வீட்ல இருக்குது, நாளைக்குத் தர்றேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள்.